களவா மீன் நோய்க்கு மூலிகைச் சாறு

கூண்டில் வளர்க்கும் களவா மீன், அதாவது கெராப்பு, இரை எடுக்காமல் அடியில் கிடந்தால் வளர்ப்பாளருக்கு வயிறு கலங்கிவிடும். 1990களில் சிங்கப்பூர்ப் பண்ணைகளில் காணப்பட்ட இந்நோய்க்குத் 'தூங்கும் களவா நோய்' என்றே பெயர் வைத்தார்கள். மீன்கள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் சாகும். காரணம், ஈரிடோ வகை வைரஸ். அறிவியல் நூல்களில் அந்த வைரசுக்குச் சிங்கப்பூரின் பெயரே நிலைத்துவிட்டது.

உடனே ஆன்டிபயாட்டிக் மருந்தை இரையில் கலப்பவர்கள் உண்டு. அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். மீனின் உயிரணுவுக்குள் புகுந்து பெருகும் வைரசை ஒன்றும் செய்யாது. சில வைரஸ்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் விரலளவு குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போடச் சிறிய பண்ணைக்கு ஆள் ஏது?

அதனால்தான் ஆய்வாளர்கள் மூலிகைப் பக்கம் திரும்பினார்கள். கொய்யா இலை உள்ளிட்ட தாய்லாந்து மூலிகைகளின் சாறு, மீன் வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் செயலிழக்கச் செய்வதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவின் சாறு, களவா மீனின் ஈரிடோ வைரசைக் கட்டுப்படுத்துவதாக 2020இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இறாலில் இன்னும் ஒரு படி முன்னேற்றம். தமிழ்நாட்டில் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள், அறுகம்புல் சாற்றை 1 அல்லது 2 சதவீதம் இரையில் சேர்த்து, வெண்புள்ளி வைரசிலிருந்து இறாலைக் காத்தார்கள். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான்!

ஆனால் இது தடுப்புமுறை. நோய் முற்றிய பிறகு கொடுக்கும் வைத்தியம் அன்று. நோயுற்ற மீன் இரையைத் தொடாதபோது, இரையில் கலந்த சாறு அதன் வயிற்றுக்குள் எப்படிப் போகும்? இலையை அரைத்துக் கூண்டுக்குள் கொட்டினால் நீரோட்டம் கொண்டுபோய்விடும். குளத்தில் கொட்டினாலோ, அது அழுகி, மீன் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜனைத் தின்றுவிடும். தண்ணீரில் காய்ச்சிய சாறும் ஆல்கஹாலில் எடுத்த சாறும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே, குஞ்சு நலமாகத் தின்னும் நாளிலேயே சாறு கலந்த இரையைத் தொடங்கவேண்டும். புதுக் குஞ்சுகளைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதும், செத்த மீனைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவருவதும் இதனோடு சேர்ந்தவை. வீசிய மீன் பக்கத்துக் கூண்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.

'மீன் மூலிகை' என்று போத்தலில் விற்பவரிடம், எந்த வைரசுக்கு, எந்த மீனுக்கு, ஒரு கிலோ இரைக்கு எத்தனை கிராம், எத்தனை நாள் என்று நேயர்கள் கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் அந்தக் காசில் குஞ்சுகளை வாங்கும் முன்பே பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம்.