செவிப்பறை வழியே ஒரு மருந்து



படுக்கையில் புரளும்போது சில நொடிகள் தலை சுற்றினால், மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்யும் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். இன்று நான் சொல்ல வந்தது அதைவிடக் கொடிய மெனியர் நோயைப் பற்றி. ஒரு காது அடைத்துக்கொள்ளும், இரையும், மந்தமாகும். கூடவே வீடே சுழலும், வாந்தி வரும். இருபது நிமிடமும் நீடிக்கும், பல மணி நேரமும் நீடிக்கும். இப்படி விழுந்தவர்களை மூளை நோயாளிகள் என்றே வைத்தியர்கள் நினைத்திருந்த காலத்தில், கோளாறு உட்காதில் என்று 1861இல் பாரிஸில் எடுத்துச் சொன்னவர் பிராஸ்பர் மெனியர்.

இந்த நோயில் உட்காதின் நீர் அளவுக்கு மீறித் தேங்குகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பைக் குறைத்து, மாத்திரையும் சாப்பிட்டால் பலருக்கு அடங்கும். அடங்காதவர்களுக்குத்தான் காதுக்குள் போடும் ஊசி.

காதில் ஊசியா என்று பதற வேண்டாம். படுக்க வைத்து, செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் நடுக்காதில் அரை மில்லி அளவு மருந்தை விடுவார்கள். மருந்து உடல் சூட்டில் இருக்க வேண்டும். சில்லென்று போனால் அதுவே தலையைச் சுற்ற வைக்கும். பிறகு அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. விழுங்கினால் தொண்டைக்குப் போகும் குழாய் திறந்து மருந்து வடிந்துவிடும். நடுக்காதிலேயே தங்கினால்தான் உட்காதின் வட்டச் சாளரத்து மெல்லிய சவ்வு வழியாக உள்ளே ஊறும்.

மருந்து இரண்டு வகை. ஜென்டாமைசின், அந்தக் காதின் சமநிலை உணர்வையே மழுங்கடிக்கும். சிலருக்குக் கேட்கும் திறனையும் குறைத்துவிடும். மற்றது ஸ்டீராய்டு, அது எதையும் அழிப்பதில்லை. லண்டனிலும் லெஸ்டரிலும் 60 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு, 2016இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் தலைசுற்றல் ஜென்டாமைசினில் 87 விழுக்காடும், ஸ்டீராய்டில் 90 விழுக்காடும் குறைந்திருந்தது. நன்றாகக் கேட்கும் காதை முதலிலேயே ஜென்டாமைசினுக்குக் கொடுப்பானேன் என்பதுதான் என் கேள்வி. ஸ்டீராய்டு பலிக்காதவர்களுக்கு அது இருக்கவே இருக்கிறது.

ஆகவே, எந்த மருந்து போடுகிறார்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஊசிக்கு முன்பும் பின்பும் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஜென்டாமைசின் போட்ட சில நாளில் நடை தள்ளாடினால் பயந்து படுத்துவிடாதீர்கள். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு நடந்து பழகினால், மறுகாதின் உதவியோடு மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும்.