சூட்கேஸில் ஒரு வெற்று ரவைக்கோது

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நல்லநாள் அதுவுமாய் மறியல், வழக்கு எண்டு கதைக்கிறது பொருத்தமோ என்று செயலாளரிடம் கேட்டேன். "விடுமுறைக்கு எங்கட சனத்தில கனபேர் டுபாய் வழியாத்தான் ஊருக்குப் போகினம், சொல்லுங்கோ அண்ணை" என்றார். அதனால்தான் இந்தப் பேச்சு.

இங்கே வருவதற்கு முன் நான் வளைகுடா நாடொன்றில் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்தவன். ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். அதில் ஒரு தம்பி, எங்கள் ஊர்ப்பக்கப் பொடியன், லீவில் போய்த் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் பிடிபட்டான். அவனுடைய திறப்புக் கோர்வையில் ஒரு வெற்று ரவைக்கோது இருந்தது. வீட்டு வளவில், தமையன் விழுந்த இடத்தில் பொறுக்கியெடுத்தது. எங்களுக்கு அது ஒரு நினைவு. ஸ்கானரில் பார்க்கிற ஆளுக்கு அது வெடிபொருள்.

அவனை விசாரித்தபோது மொழிபெயர்க்க வந்தவருக்குத் தமிழ் அரைகுறை. "நினைவுக்கு வைச்சிருக்கிறன்" என்று தம்பி சொன்னது, அரபியில் "பாதுகாப்புக்கு வைச்சிருக்கிறன்" என்று பதிவாகிவிட்டது. அவனும் கையெழுத்து வைத்துவிட்டான். ஏன் வைத்தாய் என்று பிறகு கேட்டேன். "வைக்காட்டி அடிப்பாங்கள் எண்டு நினைச்சன் அண்ணை" என்றான். அங்கே அவனை ஒருவரும் அடிக்கவில்லை. அந்தப் பயம் ஊரிலிருந்து கூடவே வந்தது. இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியாகும். விளங்காத சிங்களத்தில் எழுதியதற்குக் கையெழுத்து வைத்து வருடக்கணக்காய் உள்ளே இருந்தவர்களை நீங்களும் அறிவீர்கள்.

வெளியிலிருந்த நாங்கள் செய்த பிழை வேறு. "எல்லாம் வெட்டி விடுறன்" என்று ஒரு ஆள் வந்தார். எல்லோரும் சேர்த்த காசைக் கொடுத்தோம். ஆளும் இல்லை, காசும் இல்லை. பிறகு கடன்பட்டு ஓர் உண்மையான சட்டத்தரணியைப் பிடித்தோம். அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்: தமிழ் ஒழுங்காய்த் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வைத்துத் திரும்ப வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று. அதன் பிறகுதான் வழக்கு இளகியது. தம்பி வெளியே வந்தான். ஆனால் அதற்குள் வேலை போய், விசாவும் வெட்டுப்பட்டுவிட்டது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஐக்கிய அரபு எமிரேட்டில் 2019ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் ஆயுதம், வெடிபொருள் பற்றியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது, கொண்டு திரிவது, நாட்டுக்குள் கொண்டுவருவது எல்லாம் குற்றம். சிறையும் உண்டு, தண்டப்பணமும் உண்டு. "நான் இறங்கவேயில்லை, பிளேன் மாறினதுதான்" என்பதும் எடுபடாது. துவக்கு துடைக்கிற சாமான், இடுப்புப் பட்டி போன்றவற்றுக்குக்கூட, எவ்வளவு சிறிய அளவானாலும், அந்நாட்டின் வழியாகப் போவதற்கே முன் அனுமதி வேண்டும் என்று பிரித்தானிய வெளிவிவகார அமைச்சு தன் மக்களுக்கு எச்சரித்திருக்கிறது.

சென்னைக்குப் போகிறவர்களும் கேளுங்கோ. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், அனுமதியில்லாத துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இருந்த 1 முதல் 3 வருடச் சிறை, 2019 திருத்தத்தோடு 2 முதல் 5 வருடம் ஆகிவிட்டது. "அறிந்து வைத்திருந்தாரா" என்பதை நீதிமன்றம் பார்க்கும். இதை இந்திய உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அறியாமல் வைத்திருந்தோம் என்பதை எடுத்துக் காட்ட ஒரு வக்கீல் வேண்டும்.

வக்கீலின் அருமைக்குத் தூத்துக்குடி வழக்கு ஒன்றே போதும். 2013 அக்டோபர் 12இல் 'சீமன் கார்ட் ஓகாயோ' என்ற கப்பலைப் பிடித்தார்கள். கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கிற ஆயுதக் காவலர் இருந்த கப்பல் அது. 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள், 35 ஆட்கள்: பிரித்தானியர், எஸ்தோனியர், உக்ரேனியர், இந்தியர். எரிபொருள் குறைந்து, கடல் கொந்தளிப்பில் ஒதுங்கி வந்தோம் என்பது அவர்களுடைய வாதம். 2014இல் உயர் நீதிமன்றம் ஆயுதக் குற்றச்சாட்டைத் தள்ளியது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் எல்லோருக்கும் 5 வருடச் சிறை. 2017 நவம்பர் 27இல் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. குடும்பங்கள் ஊரெல்லாம் கையெழுத்துச் சேர்த்து, வக்கீலை விடாமல் பிடித்து நின்றபடியால் நான்கு வருடத்தில் முடிந்தது.

எங்களுக்குள்ள ஆபத்து இன்னும் பெரிது. வளைகுடா ஒத்துழைப்பு நாடுகள் ஆறில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. எமிரேட்டில் பாரிய குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவர், தண்டனை முடிய நாடு கடத்தப்படுவார். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற ஒருவரை எங்கே ஏற்றுவார்கள்? நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, அப்படி ஒன்று வந்தால் செய்யவேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கோ.

விளங்காத காகிதத்தில் கையெழுத்து வைக்காதேயுங்கோ. "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்" என்று கேளுங்கோ. எமிரேட்டில் விசாரணை அரபியில்தான் நடக்கும். அரபு தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்கவேண்டும் என்பது அவர்களுடைய சட்டமே. சாதாரண வழக்கில் 48 மணித்தியாலத்துக்குள் பொலிஸ் ஆளை வழக்குத்தொடுநரிடம் அனுப்ப வேண்டும். அந்த இரண்டு நாளும் பொன் போன்றவை.

சட்டத்தரணியை உடனே பிடியுங்கோ. 'லீகல் கன்சல்டன்ட்' என்று பலகை போட்ட எல்லோரும் கோட்டில் எழும்பிப் பேச முடியாது. அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து, பற்றுச்சீட்டு வாங்கிக் காசு கொடுங்கோ. மரணதண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்கில், வக்கீல் இல்லாதவருக்கு அரச செலவில் நீதிமன்றமே ஒருவரை நியமிக்க வேண்டும். அதற்குக் குறைந்த பாரிய குற்றமென்றால், வசதியில்லாதவர் தானே கேட்க வேண்டும்.

தூதரக விசயத்தில் பலர் பயப்படுகிறீர்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, பிடிபட்டவர் கேட்டால்தான் அவருடைய தூதரகத்துக்கு அறிவிக்கும் கடமை வரும். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தயங்காமல் கேளுங்கோ. அவர்கள் வந்து பார்ப்பார்கள், வக்கீல் பட்டியல் தருவார்கள். வழக்குக் காசு கட்டமாட்டார்கள்.

தீர்ப்புப் பிழைத்தால் எமிரேட்டில் மேன்முறையீட்டுக்கு 15 நாள்தான். அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

கடைசியாய் ஒன்று. எங்களில் பலர் வீட்டில் ஒரு ரவைக்கோது, ஒரு ஷெல் துண்டு இருக்கும். எறியுங்கோ என்று சொல்ல எனக்கு மனமில்லை. அலுமாரியில் இருக்கட்டும், பயணப்பையில் வேண்டாம். புத்தாண்டுக்கு வீடு கூட்டித் துடைத்தோம். போகிற நேரம் சூட்கேஸையும் ஒருக்கால் கவிட்டுத் தட்டிப் பாருங்கோ.

எல்லோரும் சுகமாய்ப் போய், சுகமாய்த் திரும்பி வாருங்கோ.