வயர் எட்டிய தூரம்
(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், திரையிடலுக்கு முன் ஆற்றிய உரை)



பாரிஸ் நகரில் தாகேர் தெரு என்று ஒரு தெரு. புகைப்படக்கலையின் முன்னோடி ஒருவரின் பெயர் அது. 1975-ல் அங்கே ஒரு வீட்டிலிருந்து மின்சார வயர் வெளியே நீண்டது. 80, 90 மீட்டர் இருக்கும். அந்த வயர் எட்டிய தூரத்துக்குள் இருந்த ரொட்டிக்கடை, கறிக்கடை, தையற்கடை எல்லாவற்றையும் அந்த வீட்டுப் பெண்மணி படம் பிடித்தார். வீட்டில் சின்ன மகன். விட்டுவிட்டுத் தூரம் போக முடியாது. அந்த எல்லைக்குள்ளேயே ஒரு முழுப்படம் எடுத்தார். அவர்தாம் ஆன்யெஸ் வர்தா.

கடைக்காரர்களில் பலர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்த ஊர், எப்போது வந்தீர்கள், என்ன கனவு காண்கிறீர்கள் என்று கேட்கிறார். நம்மை இந்த ஊரில் யார் அப்படிக் கேட்டார்கள்?

வர்தா 1928-ல் பெல்ஜியத்தில் பிறந்தவர். முதலில் நாடகக் குழுவின் புகைப்படக்காரர். 1954-ல் தம் முதல் கண்காட்சியை வீட்டு முற்றத்திலேயே, சுவரிலும் ஜன்னல் கதவிலும் படங்களை மாட்டி நடத்தினார். அதே ஆண்டு சேத் என்னும் துறைமுக ஊரின் மீனவர் குடியிருப்பில் முதல் சினிமா; நடித்தவர்களும் உழைத்தவர்களும் பங்குதாரர்களாகச் சேர்ந்த கூட்டுறவு முயற்சி. பிரெஞ்சு சினிமாவின் 'புதிய அலை' 1959-ல் எழுந்தது என்று ஆண்களின் பெயர்களையே அடுக்குவார்கள். வர்தாவின் படம் 1955-லேயே வந்துவிட்டது!

1971-ல் பிரான்ஸில் கருக்கலைப்பு குற்றம். தாங்களும் அதைச் செய்தவர்களே என்று 343 பெண்கள் பத்திரிகையில் பகிரங்கமாகக் கையெழுத்திட்டார்கள். வழக்கு வரும், வேலை போகும் என்று தெரிந்தே இட்ட கையெழுத்து. வர்தாவும் அதில் ஒருவர். 1975-ல் சட்டம் மாறிற்று. அந்தப் போராட்டத்தை இரண்டு தோழிகளின் கதையாக 1977-ல் படமாக்கினார்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கையடக்கக் காமிராவோடு வயல்வெளிக்குப் போனார். அறுவடைக்குப் பின் சிந்தியதைப் பொறுக்கி உண்பவர்களைப் படமெடுத்தார். கடைக்கு ஒவ்வாத உருவம் என்று லாரி லாரியாகக் கொட்டப்பட்ட உருளைக்கிழங்கையும் எடுத்தார். கௌரவ ஆஸ்கர் கிடைத்தது 2017-ல். பெண் இயக்குநர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் அதுவே முதல் தடவை. 89 வயது வரை காத்திருக்க வைத்தார்கள். 2019-ல் மறைந்தார்.

அந்த வயரின் நீளம் நம் பெண்களுக்குத் தெரியும். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று இந்தியாவில் 2017-ல் சட்டம் போட்டார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் அந்த 50 பேரை எங்கே போய்த் தேடுவாள்? காப்பகம் தெருவுக்குத் தெரு வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இப்போது தாகேர் தெருப் படம் தொடங்குகிறது. குழந்தைகள் அழுதால் அழட்டும். தாய்மார்கள் யாரும் எழுந்து வெளியே போக வேண்டாம்.