வயிற்றுப் பையும் வருணாசிரம புத்தியும்



இன்று நாம் பேசப் போவது மலத்தைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். குடலில் புற்றோ தீராத புண்ணோ வந்து மலம் போகும் வழி கெட்டுவிட்டால், டாக்டர் குடலின் ஒரு பாகத்தை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார். அதற்கு ஸ்டோமா என்று பெயர். மலம் அதன் வழியாக ஒரு பையில் விழுகிறது. மனிதன் பிழைத்துக்கொள்கிறான். சரி, பிழைத்த பிறகு?

தனித் தட்டு, தனிப் பாய். கோவிலுக்கு வராதே, கலியாணத்திற்கு வராதே. இதற்குச் சாஸ்திரம் ஒரு காரணமென்றால், ஆஸ்பத்திரியும் ஒரு காரணமென்றே சொல்லுவோம். அறுப்பது பெரிய வேலை, பை மாட்டச் சொல்லிக் கொடுப்பது ஈன வேலை என்கிற எண்ணம் அங்கும் இருக்கிறது. இது வருணாசிரம புத்தி அல்லாமல் வேறென்ன?

அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரத்து டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் என்பவருக்கு இந்தப் புத்தி இல்லை. 1954-இல் அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நார்மா கில் அம்மையார் டாக்டருமல்ல, நர்சுமல்ல. தாம் பட்ட பாட்டிலிருந்து கற்றதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தார். 1958-இல் அவரையே டர்ன்புல் வேலைக்கு வைத்துக்கொண்டார். 1961-இல் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். நம் நாடாயிருந்தால், "நீ என்ன பாஸ் செய்தாய்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

இந்தப் படிப்பில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியை நிற்க, உட்கார, குனியச் சொல்லி, மடிப்பு விழாத இடமாக, அவர் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து அடையாளம் போட வேண்டும். வேட்டி முடிச்சும் சேலைக் கொசுவமும் வருகிற இடத்தில் ஸ்டோமாவை வைத்துவிட்டால் தினமும் அவஸ்தைதான். பையின் ஓட்டையை ஸ்டோமாவைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக வெட்டக்கூடாது. வெட்டினால் கசியும் நீர் தோலைப் புண்ணாக்கிவிடும். முதல் 6, 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும்; ஆகையால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும்.

ஒருதரம் படித்தால் போதாதா என்பீர்கள். போதாது. பசை மாறுகிறது, பை மாறுகிறது. அமெரிக்காவில் இந்த நர்சுகளின் சான்றிதழ் 5 வருஷத்திற்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். என்றைக்கோ எழுதினதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே என்கிற புரோகிதனையும், 5 வருஷத்திற்கு முன் படித்ததை மறுபடி சரிபார் என்கிற வைத்தியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெட்கப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். பெரியார் கடைசிக் காலத்தில் மூத்திரக் குழாயோடுதான் மேடையேறினார். 1973 டிசம்பர் 19-இல் சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினபோதும் அப்படித்தான். யாரிடம் ஒளித்தார்?

உங்களில் யார் வீட்டிலாவது இந்த ஆபரேஷன் நடக்குமானால், நாள் பார்க்க ஜோசியனிடம் போகாதீர்கள். டாக்டரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடையாளம் போடப் போவது யார்? அவர் கடைசியாக எந்த வருஷம் இதற்குப் பயிற்சி எடுத்தார்?