நாற்பது சதவீதமும் ஒரு நாளின் உழைப்பும்

(தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



சியால்தா தெற்கு ரயில் பாதையில், பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் இடையே அமைந்துள்ளது டாக்குரியா நிலையம். கானிங் திசையிலிருந்து வரும் அதிகாலை ரயில்களில் தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் வீட்டு வேலைத் தொழிலாளர்கள் இந்நகருக்கு வந்து இறங்குகின்றனர். முழங்கால் தேய்ந்தவர்களும், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் அவர்களிடையே உண்டு. இத்தகைய ஒரு பெண்ணின் நோயை மருத்துவமனை இரத்தப் பரிசோதனையாலும் எக்ஸ்ரே படத்தாலும் அளக்கிறது. ஆனால் அவரால் குந்தி அமர்ந்து தரை துடைக்க முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, நெரிசலில் நின்றபடியே வீடு திரும்ப முடிகிறதா என்பவைதான் அவருடைய கூலியைத் தீர்மானிக்கும் கேள்விகள். அவற்றைக் கேட்பவர் யார்?

கொல்கத்தாவில் 52,377 பேரை உள்ளடக்கிப் பக்கவாதம் குறித்து நடத்தப்பட்ட ஆய்வு 2007இல் வெளியாயிற்று. முதன்முறை பக்கவாதம் தாக்கியோரில் நூற்றுக்கு 41 பேர் 30 நாள்களுக்குள் இறந்தனர் என்றும், பெண்களிடையே தாக்குதலும் மரணமும் கூடுதல் என்றும் அது கண்டறிந்தது. எஞ்சிய 59 பேரின் அன்றாட வாழ்வு என்னவாயிற்று என்பதை மரணக் கணக்கு சொல்வதில்லை.

அதைச் சொல்லும் அளவுகோல்கள் நெடுங்காலமாகவே உள்ளன. 1965இல் அமெரிக்காவில் வெளியான பார்தெல் குறியீடு, உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், நடத்தல், படியேறுதல் உள்ளிட்ட பத்துச் செயல்களுக்கு மொத்தம் நூறு மதிப்பெண் வழங்குகிறது. நூறு பெற்றவரும் சமைத்து, வீட்டைப் பராமரித்துத் தனியே வாழ வல்லவர் என்று பொருளல்ல என அதனை உருவாக்கியவர்களே எச்சரித்தனர். தன் உடலைத் தானே கவனித்துக்கொள்வது வேறு. பிறர் வீட்டில் உழைத்துப் பிழைப்பது வேறு.

அளவுகோல் மக்களின் வாழ்விலிருந்து பிறக்க வேண்டும் என்பதற்கு ஹரியானாவின் பல்லப்கர் ஒரு சான்று. தொலைபேசியையும் வங்கிக் கணக்கையும் பற்றிக் கேட்கும் மேலைநாட்டு வினாத்தாள், அங்குள்ள எழுத்தறிவற்ற முதியோருக்குப் பயன்படவில்லை. ஆகவே 1990களில், ஊருக்குள் வழி தவறுகிறாரா, பண்டிகைகளில் பங்கேற்கிறாரா, குடும்ப விவகாரங்களில் கருத்துச் சொல்கிறாரா என்ற கேள்விகளைக் கொண்டு ‘ஈசி’ என்னும் இந்திய அளவுகோல் உருவாக்கப்பட்டது.

தோழர்களே! இதே உண்மையை உழைப்பாளிகள் நீதிமன்றத்திலும் நிலைநாட்டியுள்ளனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உடலுறுப்புகளுக்கு விலைப்பட்டியல் தயாரித்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்குப் பகுதி ஊனமே ஏற்பட்டுள்ளது என்று முதலாளி வாதிட்டார். தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய இயலாது, ஆகவே இழப்பு முழுமையானது என்ற முடிவை 1975இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அதே கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். உறுப்பு ஒன்றே, இழப்பு வெவ்வேறு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமூகத் தடைகளோடு சேர்த்தே ஊனத்தை வரையறுக்கிறது. சான்றிதழ் வழங்கும்போதோ மீண்டும் சதவீதக் கணக்குதான். கல்வி, வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். 39 என்றால் கதவு மூடப்படும். ஒன்றிய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்திற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதோடு 80 சதவீத ஊனமும் தேவை. 80 வயதுக்குட்பட்டோருக்குக் கிடைப்பதோ மாதம் 300 ரூபாய்! சட்டத்தின் 21 வகைகளில் ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ தனி வகையாக இல்லை. மனநோய்க்கான ‘ஐடியாஸ்’ அளவுகோல் மட்டும் ஒரு விதிவிலக்கு. தற்கவனிப்பு, உறவு, தகவல் பரிமாற்றம், வேலை ஆகிய நான்கையும் அது மதிப்பிடுகிறது. வீட்டு வேலையையும் வேலையாகக் கணக்கிடுகிறது. மனநோய்க்கு முடிந்தது மூட்டுவாதத்திற்கு ஏன் முடியாது?

நாள்பட்ட நோய் ஒரே சீராக இருப்பதில்லை. இன்று நடப்பவர் நாளை படுக்கையில் கிடப்பார். முகாமில் ஒருமுறை பார்த்து எழுதும் சதவீதத்தில் இந்த ஏற்ற இறக்கம் பதிவாகாது. உலக சுகாதார அமைப்பின் ‘ஹூடாஸ்’ வினாத்தாளோ, கடந்த 30 நாள்களில் எத்தனை நாள்கள் வேலைகளைச் செய்ய இயலவில்லை என்று நோயாளியிடமே கேட்கிறது. கூலி இழந்த நாள்களின் கணக்கு அதில் கிடைக்கும்.

எனினும் செயல்திறனை அளப்பதாலேயே நியாயம் கிடைத்துவிடாது. பிரிட்டனில் 2008இல் புகுத்தப்பட்ட வேலைத்திறன் மதிப்பீடும் அன்றாடச் செயல்களைத்தான் கேட்டது. ஆனால் அது ‘அட்டோஸ்’ என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 15 புள்ளிகளை எட்டாத நோயாளிகள் வேலைக்குத் தகுதியானவர்கள் என முத்திரை குத்தப்பட்டு, உதவித்தொகையை இழந்தனர், எதிர்ப்புகள் வெடித்தன. அளவுகோல் உழைப்பாளியின் கையில் கவசம். செலவைக் குறைக்கத் துடிக்கும் அரசின் கையில் கத்தரிக்கோல்.

இங்கே தொடங்குவதற்கான வழி ஏற்கெனவே உள்ளது. தொற்றா நோய்களுக்காக ஆஷா ஊழியர்கள் வீடுவீடாக நிரப்பும் படிவத்தில், உண்ண, உடுத்த, குளிக்கப் பிறர் உதவி தேவையா என்ற கேள்வி 60 வயது கடந்தவர்களுக்கு உண்டு. உழைக்கும் வயதினருக்கு இல்லை. அக்கேள்வி அனைத்து வயதினருக்கும் விரிய வேண்டும். வேலை குறித்தும் கேட்கப்பட வேண்டும். பதில் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்திற்கும் அடிப்படையாக வேண்டும். மதிப்பீடு பொதுத்துறையில் நடைபெற வேண்டும். மேல்முறையீடு எளிதாக இருக்க வேண்டும். படிவத்தை நிரப்பும் ஆஷா ஊழியரும் தொழிலாளியாக அங்கீகரிக்கப்பட்டு ஊதியம் பெற வேண்டும்.

டாக்குரியா நடைமேடையில் முழங்காலைப் பிடித்தபடி இறங்கும் பெண், தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை நன்கறிவார். அவருடைய சொல்லைச் சான்றாக ஏற்க அரசைக் கட்டாயப்படுத்துவது தொழிற்சங்கங்களின் கடமை, தோழர்களே!