மேலிருப்பவர் கேட்க வேண்டும், கீழிருப்பவர் சொல்ல வேண்டும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்றதும் நோய்களைப் பற்றிய பேச்சை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இரண்டு விமானங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போட்லண்ட் நகரில் தரையிறங்க வந்த யுனைட்டெட் நிறுவன விமானமொன்றின் சில்லுகள் சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்ற ஐயம் எழுந்தது. தலைமை விமானி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் ஆபத்து விளங்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. அவர் மனமோ சில்லிலேயே நின்றது. எரிபொருள் தீர்ந்து விமானம் புறநகரில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

அதன்பின், 1981இல், அந்த நிறுவனம் புதிய பயிற்சியொன்றைத் தொடங்கியது. இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் கேட்டறியவும் பழக்கினார்கள்.

1989 ஜூலை 19. அதே நிறுவனத்தின் டி.சி.10 விமானம் டென்வரிலிருந்து சிக்காகோவுக்குப் பறந்தது. வாற்பகுதி இயந்திரம் சிதறியதில் மூன்று ஹைட்ரோலிக் தொகுதிகளும் செயலிழந்தன. விமானத்தைத் திருப்பும் கருவி எதுவும் இயங்கவில்லை. பயணியாக வந்த பயிற்சி விமானி டெனி ஃபிச் உதவ முன்வந்தார். தலைமை விமானி அல் ஹெய்ன்ஸ் தயங்காமல் அவரை உள்ளே எடுத்தார். எஞ்சிய இரு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் கொடுத்தார். ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டே நால்வரும் சூ சிற்றி ஓடுபாதைவரை கொண்டுவந்தார்கள். விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சியே உதவியது என்று ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்னார்.

சத்திரசிகிச்சைக் கூடமும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலின்படி, கத்தி வைக்குமுன் எல்லோரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய்திறந்த இளம் தாதிக்கு, “டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்வது பிறகு இலகுவாகிறது. அந்த ஒரு சொல்லில் ஓர் உயிர் தங்கியிருக்கக்கூடும்.

சகோதரிகளே, இந்த மண்டபத்தில் நாங்கள் அடக்கம் படித்தோம். அது நல்ல செல்வம். ஆனால் தெரிந்த ஆபத்தைச் சொல்லாதிருப்பதை அடக்கம் என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிடக்கூடாது. இங்கே இருப்பவர்களில் பலர் இப்போது அதிபர்கள், முகாமையாளர்கள், மாமிமார். எங்களுக்குக் கீழே இருப்பவர் பயமில்லாமல் பேசுகிறாரா என்று பாருங்கள். பேசாவிட்டால், நாங்களே முதலில் கேட்போம்.