பள்ளி நம்முடையது, பொறுப்பும் நம்முடையது

 

பரிசு பெற்ற பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். இன்று நான் பேச விரும்புவது பெரியவர்களாகிய உங்களிடம். பள்ளி நிர்வாகத்தைப் பற்றி.

மலாயாவில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. கட்டடத்தைத் துரை கொடுத்தார். பல இடங்களில் கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிக் கொடுத்தார். பெற்றோருக்கு அங்கே பேச்சே இல்லை. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனங்கள் வெளியேறினார்கள், பள்ளிகள் குறைந்தன. சுங்கை பாக்காப் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இது தெரியாத கதையா? வால்டோர், ஜாவி என்று பள்ளியின் பெயரிலேயே தோட்டம் இருக்கிறதே!

தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. நிலம் அரசாங்கத்தினுடையது அல்ல. பல இடங்களில் அது தோட்டத்துக்குச் சொந்தம். நிலத்தைப் பள்ளிக்கு எழுதி வாங்குவது, கட்டடத்தைக் காப்பது, பிள்ளைகள் குறைந்தால் வீடமைப்புப் பகுதிக்குப் பள்ளியைக் கொண்டுபோக முயல்வது எல்லாம் மேலாளர் வாரியத்தின் பொறுப்பு. வீட்டையும் பள்ளியையும் இணைப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கம். வகுப்பறையும் பாடமும் தலைமையாசிரியரின் பொறுப்பு.

ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? "வாரியம் எங்களைக் கேக்கவே இல்லை" என்கிறது சங்கம். "சங்கத்துக்கு இதிலே என்ன வேலை?" என்கிறது வாரியம். நடுவில் தலைமையாசிரியர் முழிக்கிறார். பெற்றோரோ, "நமக்கெதுக்குப்பா வம்பு" என்று ஆண்டுக் கூட்டத்துக்கே வருவதில்லை.

நாளைக்கே தோட்டம் கைமாறினால், புது முதலாளியிடம் நிலத்தைக் கேட்க யார் போவது? ஆளுக்கொரு கடிதம் போனால் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஒரே கடிதத்தில் எல்லாரும் கையெழுத்திட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே இறங்கினால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது விழித்துப் பயனில்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். வாரியமும் சங்கமும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரே மேசையில் உட்காரட்டும். வரவு செலவுக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி பள்ளிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கணக்கு தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகராது. பள்ளியை நாமே நடத்தும் உரிமை நமக்கு இருக்கிறது. ஒற்றுமை இல்லாவிட்டால் அந்த உரிமை வெறும் காகிதம்தான்.